இன்னாசி அண்ணன் செட்டும் எங்கள் ஃபைவ் நைனும்

என் வீட்டு ஹாலில் டிவிக்கு மேலே ஒரு கேடயம் மாட்டியிருக்கிறது. நடுவில் ஒரு டவர், அதன் உச்சியில் ஒரு மின்னல், கீழே தங்க எழுத்தில் 'சேவைச் செம்மல் ஆவுடையப்பன்'. அந்த ஆவுடையப்பன் நான்தான். கழற்றிப் பரணில் போடலாம் என்றால் வீட்டுக்காரி விடமாட்டேன் என்கிறாள். வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டுமாம்.

நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி அல்ல, மணமேல்குடி இன்னாசி அண்ணனைப் பற்றி. ஆனால் அவரைப் பற்றி உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால் என்னைப் பற்றிக் கேவலமாகச் சொல்லாமல் முடியாது. சொல்லிவிடுகிறேன்.

இன்னாசி அண்ணன் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். கரைக்கு வந்த படகில் ஏறி, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். "மூணாவது நாசில் அடைச்சிருக்கு" என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவதுதான் அடைத்திருக்கும். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. நேரில் அவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் நாலு வார்த்தைக்கு மேல் வராது. கல்யாண வீட்டில் தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு, மொய் எழுதுகிறவரிடம்கூட ஊர்ப் பெயரை மெல்லச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிற ரகம். அவர் மனைவி அடைக்கலமேரி அக்காதான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசும்.

அப்படிப்பட்டவருக்கு ஐம்பத்திரண்டு வயதில் ஹாம் ரேடியோ பைத்தியம் பிடித்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அரசாங்கம் பரீட்சை வைத்து லைசென்ஸ் கொடுக்கும். வீட்டில் ஒரு செட்டும் மொட்டைமாடியில் ஒரு கம்பியும் இருந்தால் போதும், செல்போன் டவர், சிம் எதுவும் இல்லாமல் அந்த லைசென்ஸ் வைத்திருக்கிற யாரோடும் பேசலாம். வியாபாரம் பேசக்கூடாது, அரசியல் பேசக்கூடாது, மற்றபடி நல்லது கெட்டது பேசிக்கொள்ளலாம். இன்னாசி அண்ணன் பரீட்சையில் இரண்டு முறை இங்கிலீஷால் கோட்டைவிட்டு மூன்றாம் முறை தேறினார். லைசென்ஸைச் சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

மைக்கைக் கையில் எடுத்தால் அவர் வேறு ஆள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்தப் படகில் என்ன கோளாறு, நேற்று மேரி வைத்த நண்டுக் குழம்பில் மிளகு எவ்வளவு, எல்லாம் வரும். முகம் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிற மனிதர்களுக்கு முகம் தெரியாத இடம் எவ்வளவு பெரிய விடுதலை என்று அவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் செட்டு வால்வு காலத்துச் செட்டு. திருச்சியில் ஒரு ஹாம் காலமானபோது அந்த வீட்டார் பழைய இரும்புக்குப் போட இருந்ததைக் கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கனம் ஒரு மூட்டை அரிசி இருக்கும். சுவிட்சைப் போட்டால் வால்வுகள் சூடேறிச் சிவக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்து வந்து மூடியைத் திறப்பார். பெயின்ட் பிரஷ்ஷால் தூசு தட்டி, சுற்று சுவிட்சுகளின் காலைத் துடைத்து, ஊதிப்போன கண்டன்சர் ஏதாவது இருந்தால் அதை மட்டும் எடுத்துவிட்டு அதே அளவில் புதிது வைப்பார். எது நன்றாக இருக்கிறதோ அதைத் தொடமாட்டார். உப்புக் காற்று அடிக்கிற ஊரில் அந்தச் செட்டின் உள்பக்கம் கல்யாணப் பாத்திரம் மாதிரி இருந்தது.

குறை ஒன்றே ஒன்றுதான். வால்வுகளுக்கு வயதாகிவிட்டது, சக்தி குறைவு. குரல் சின்னதாக வரும். ஆனால் ஒரு எழுத்து தப்பாமல் விளங்கும்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் பேசி முடித்ததும் கேட்டவர் இரண்டு எண்ணில் மதிப்பெண் சொல்வார். முதல் எண், பேச்சு எவ்வளவு விளங்கியது. ஒன்று முதல் ஐந்து வரை. இரண்டாவது, அலை எவ்வளவு பலமாக வந்தது. ஒன்று முதல் ஒன்பது வரை, செட்டில் இருக்கிற முள்ளைப் பார்த்துச் சொல்வது. எல்லாம் பிரமாதம் என்றால் ஐந்து, ஒன்பது. அதுதான் 'ஃபைவ் நைன்'. எங்கள் ஆட்கள் வாயில் இது வணக்கம் சொல்வதுபோல ஆகிவிட்டது. கேட்டாலும் ஃபைவ் நைன், கேட்காவிட்டாலும் ஃபைவ் நைன். 'உங்கள் சிக்னல் ஃபைவ் நைன், பெயரைத் திரும்பச் சொல்லுங்கள், ஒன்றும் கேட்கவில்லை' என்று சொல்கிற அளவுக்கு வெட்கம் கெட்டவர்கள் நாங்கள். மரியாதையாம். குறைத்துச் சொன்னால் மனசு புண்படுமாம்.

இன்னாசி அண்ணனுக்கு அந்த இரண்டாவது எண்மேல் ஒரு ஏக்கம். "முள்ளு எவ்வளவு சார் காட்டுது?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பார். பாதிக்கு வருகிறது என்றால் குரல் இறங்கிவிடும். ஒருநாள் நான், "உங்க செட்டை நான் அப்கிரேட் பண்ணித் தாரேண்ணே" என்றேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டியவன், எனக்குத் தெரியாததா என்கிற திமிர்.

மணமேல்குடிக்குப் போய் இரண்டு நாள் தங்கினேன். அடைக்கலமேரி அக்கா மூன்று வேளையும் மீனாக ஆக்கிப் போட்டது. அந்த அருமையான செட்டின் வயிற்றைக் கிழித்தேன். கனமான டிரான்ஸ்பார்மரைப் பிடுங்கிவிட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பதுபோல ஒரு மலிவான பவர் சப்ளை. கடைசி வால்வுகள் இரண்டையும் எடுத்துவிட்டு ஆன்லைனில் வாங்கிய ஒரு போர்டு. மைக்குக்கு இன்னொரு போர்டு. எல்லாவற்றையும் பசைத் துப்பாக்கியால் ஒட்டினேன். ஸ்க்ரூ போட, தகட்டால் மறைப்புக் கட்ட, எர்த் சரிபார்க்க நேரமில்லை, ஊருக்கு பஸ் பிடிக்க வேண்டும். இன்னாசி அண்ணன் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். டிரான்ஸ்பார்மரைத் தூக்கிக் கீழே வைத்தபோது மட்டும், "இது வேண்டாமா சார்?" என்றார். இரும்புக் கடையில் போடுங்கள் என்றேன். போகும்போது மூடியின்மேல் ஒரு தாளை ஒட்டி, 'எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது' என்று எழுதிவிட்டு வந்தேன். என் வேலையை வேறு எவனும் நோண்டக் கூடாதல்லவா?

முள் உச்சிக்குப் போய் நின்றது. அவர் பேசினால் மாவட்டத்தில் எல்லோர் முள்ளும் உச்சியில் போய் முட்டும், அவ்வளவு பலம். ஆனால் பேச்சு? தகர டப்பாவுக்குள் வண்டைப் போட்டு ஆட்டின மாதிரி. கம்பியிலிருந்து வெளியே போகிற அலை திரும்பி வந்து நான் ஒட்டின மைக் போர்டுக்குள் புகுந்து அவர் குரலைக் கரகரவென்று சிதைத்தது. மறுநாள் காலையிலேயே என் வீட்டிலிருந்து கேட்டேன். கேட்ட மாத்திரத்தில் காரணமும் புரிந்தது. ஒரு நாள் வேலை, திரும்பப் போயிருந்தால் சரிசெய்திருக்கலாம். நான் போகவில்லை. "எப்படி சார் இருக்கு?" என்று அவர் கேட்டது மட்டும் குத்துமதிப்பாக விளங்கியது. "ஃபைவ் நைன்ணே! அட்டகாசம்!" என்றேன்.

நான் சொன்னதும் மற்றவர்களும் சொன்னார்கள். தினமும் காலை ஏழரை மணிக்கு எல்லோரும் ரேடியோவில் கூடுகிற கூட்டத்தை, நாங்கள் 'நெட்' என்போம், அதை நடத்துகிறவன் நான்தானே? இரண்டு வருடத்துக்கு மேல் இப்படியே போயிற்று. இன்னாசி அண்ணன் முறை வரும். முள் உச்சிக்குப் போன சந்தோஷத்தில் அவர் முன்னைவிட நீளமாக, பத்து நிமிடம், சில நாள் அதற்கும் மேல் பேசுவார். அந்த நேரத்தில் ஒருவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். ஒருவர் பல் விளக்கப் போய்விடுவார், அவரே சிரித்துக்கொண்டு சொன்னது. நான் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சின்ன வெங்காயம் உரிப்பேன். இரைச்சல் நின்றதும் மைக்கை எடுத்து, எதற்கும் பொருந்துகிற மாதிரி பொத்தாம்பொதுவாக ஒரு வார்த்தை சொல்லி, ஃபைவ் நைன் போட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். எழுதும்போதே என் கையை நானே முகர்ந்து பார்க்கக் கூசுகிறது.

இந்தக் கூட்டத்தில் வந்து சேர்ந்தது கந்தர்வக்கோட்டை பிரகதீஸ்வரி. போர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிற பெண்பிள்ளை, நாற்பது வயது இருக்கும். அதுவும் ஒரு பழைய வால்வு செட்டைத் தானே சீர்படுத்தி வைத்திருந்தது. வந்த மூன்றாம் நாள் இன்னாசி அண்ணன் பேசி முடித்ததும் மைக்கை எடுத்தது.

"அண்ணே, வணக்கம். ஒங்க சிக்னல் டூ நைன். முள்ளு முழுசா நிக்குது, ஆனா ஒரு வார்த்தயும் வெளங்கல. மைக் பக்கம் அலை திரும்பி வருது. செட்டைத் தொறந்து பாக்கணும்."

இன்னாசி அண்ணன் ஏதோ சொன்னார், வழக்கம்போல் விளங்கவில்லை. நான் பாய்ந்து வந்து, புதிதாக வந்தவர்கள் பெரியவர்களிடம் பண்பாகப் பேச வேண்டும், மற்ற பதினோரு பேருக்கும் விளங்கும்போது உங்கள் ஒருவருக்கு மட்டும் விளங்கவில்லை என்றால் கோளாறு எங்கே இருக்கிறது என்று யோசிக்க வேண்டும் என்று பிரசங்கம் செய்தேன். மற்றவர்கள் வரிசையாக வந்து இன்னாசி அண்ணனுக்கு மறுபடியும் ஃபைவ் நைன் போட்டார்கள். பிரகதீஸ்வரி மறுநாளும் அதே டூ நைன்தான் சொன்னது.

பிறகு எங்கள் ஊரான புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் சங்கக் கூட்டம் நடந்தது. இன்னாசி அண்ணன் செட்டைப் புதுத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "அக்கா சௌக்கியமாண்ணே?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டேன். "அப்படியேதான் இருக்கு சார். நேத்துக் காலையில சொன்னேன்ல" என்றார். "ஆமாமா, சொன்னீங்க" என்று தலையாட்டினேன்.

நாங்கள் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் பிரகதீஸ்வரி தாளைக் கிழித்துச் செட்டின் மூடியைத் திறந்துவிட்டது. உள்ளேயிருந்து ஒரு நாற்றம். எலி மூத்திரம். பவர் சப்ளைக்கு அடியில் பஞ்சும் கிழிந்த காகிதமுமாய் எலி கூடு கட்டியிருந்தது. கடுகை இறைத்த மாதிரி கரப்பான் புழுக்கை. நான் ஒட்டின பசை வெயிலில் இளகி ஒழுகி, அதில் ஒரு பல்லி ஒட்டிக்கொண்டு காய்ந்து கிடந்தது. வாரம் தவறாமல் உள்ளே துடைத்த மனிதர் என் தாளுக்குக் கட்டுப்பட்டு இரண்டு வருடமாகத் திறக்கவே இல்லை. வெளிப்பக்கம் மட்டும் கண்ணாடியாகத் துடைத்து வைத்திருந்தார்.

பிரகதீஸ்வரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டது. "எவன்யா இந்த வேலய செஞ்சது? ச்சீ! வயக்காட்டு மோட்டாரைக்கூட இப்படி விட மாட்டாங்களே!"

எவன் என்று அதற்குத் தெரியாது. இன்னாசி அண்ணன் முகம் கறுத்துவிட்டது. நான் பேச வாயைத் திறப்பதற்குள் அவரே மூடியைப் பிடுங்கி மூடினார். "சார் செஞ்சது. இத யாரும் தொட வேண்டாம்மா" என்றார். எனக்காக அவர் பரிந்து பேசினார். நான் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் காறித் துப்பியிருப்பேன்.

அந்தக் கார்த்திகையில் புயல் அடித்தது. விடிந்தபோது மாவட்டத்தின் கடற்கரைப் பக்கம் முழுக்க மரங்கள் சாய்ந்து, கரண்ட் இல்லை, செல்போன் டவர் ஒன்றும் வேலை செய்யவில்லை. எங்களைப் போன்றவர்கள் இத்தனை வருடம் காத்திருந்தது இதற்குத்தானே? நான் கார் பேட்டரியில் செட்டை மாட்டி, நோட்டுப் புத்தகத்தை விரித்து, தலையில் ஹெட்போனோடு உட்கார்ந்தேன். வருகிற செய்தியை எழுதி, கலெக்டர் ஆபீஸில் இருக்கிற கட்டுப்பாட்டு அறைக்குச் சேர்ப்பது என் பொறுப்பு. பத்து மணிவாக்கில் உள்ளூர் யூடியூப்காரர் ஒருவர் வந்து என்னைப் படம் எடுக்க ஆரம்பித்தார். நான் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். புயலில் ஊர் கிடக்கிற கிடையில் சட்டை மாற்றியிருக்கிறேன், பாருங்கள்.

பதினோரு மணிக்கு முள் உச்சிக்குப் போனது. இன்னாசி அண்ணன். இரைச்சல் முக்கால் நிமிடம் ஓடியது. வழக்கத்தைவிட வேகமாக, மூச்சு வாங்குகிற மாதிரி. 'மணமேல்குடி' என்பது மட்டும் விளங்கியது. எதிரே செல்போன் கேமரா. விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. அந்தக் கேமரா இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேனா என்று இப்போது கேட்டுப் பார்க்கிறேன். வாய் பழகிவிட்டது.

"இன்னாசி அண்ணே, ஃபைவ் நைன்! செய்தி கெடச்சிருச்சு. ஆவன செய்யிறோம். பேட்டரிய வீணாக்காதீங்க."

முள் கீழே விழுந்தது. அவர் செட்டை அணைத்துவிட்டார். நான்தான் சொன்னேனே.

அடுத்த நொடி பிரகதீஸ்வரி குரல். "ஆவுடையப்பன் சார், அவரு என்ன சொன்னாரு?"

"இது எமர்ஜென்சி நெட்டும்மா. குறுக்க பேசாதீங்க."

"வெளங்குச்சுன்னு சொன்னீங்கள்ல. என்ன வெளங்குச்சோ சொல்லுங்க, நானும் எழுதிக்கிறேன்."

சத்தத்தைக் குறைத்துவிட்டு யூடியூப்காரரைப் பார்த்து, சில பேர் இப்படித்தான் என்று சிரித்தேன்.

நாலு மணிக்கு வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. கந்தர்வக்கோட்டையிலிருந்து, விழுந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி, மழையில் நனைந்து, முழங்கால்வரை சேறாக பிரகதீஸ்வரி வந்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "நோட்டைக் காட்டுங்க சார்" என்றது.

காட்டினேன். 'பகல் 11.04. இன்னாசி, மணமேல்குடி. 59. செய்தி பெறப்பட்டது.' செய்தி என்ற கட்டத்தில் ஒன்றுமில்லை.

அதன் முகத்தில் கோபம் வந்திருந்தால் தாங்கியிருப்பேன். சாக்கடையில் கால் வைத்துவிட்டவர்கள் முகம் சுளிப்பார்களே, அப்படி ஒரு சுளிப்பு. பையிலிருந்து ஒரு தாளை எடுத்தது. அவர் பேசியதைச் செல்போனில் பதிவுசெய்து, காதில் வைத்துத் திரும்பத் திரும்ப, முப்பது நாற்பது தடவை கேட்டு, பிடிபட்ட வார்த்தைகளை மட்டும் எழுதியிருந்தது. 'மேரி. டயாலிசிஸ். நேத்தே. பாலம். மூச்சு.'

"மேரின்னா யாரு?"

"அவரு சம்சாரம்."

"அவங்களுக்கு டயாலிசிஸ் நடக்குதா?"

"தெரியலயேம்மா" என்றேன்.

"தெனமும் ஒங்ககிட்ட பேசுறவருதானே?" என்றது. நான் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

அதன் ஸ்கூட்டியிலேயே கட்டுப்பாட்டு அறைக்குப் போனோம். அறந்தாங்கிப் பக்கம் மரம் அறுத்துக்கொண்டிருந்த ஆட்களுக்குச் செய்தி போய், அவர்கள் வழி திறந்து, பாலம் அரித்த இடத்தில் அக்காவைக் கட்டிலோடு தூக்கி இந்தப் பக்கம் கொண்டுவந்து, ஆம்புலன்ஸில் ஏற்றி அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது மறுநாள் மத்தியானம். நுரையீரலில் தண்ணீர் கோத்து, உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் கிடந்திருக்கிறது. இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றாராம் டாக்டர். பிழைத்துக்கொண்டது.

கட்டுப்பாட்டு அறைப் பதிவேட்டில் 'தகவல் பெற்றவர்' என்று ஒரு இடம் இருந்தது. பிரகதீஸ்வரி ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள், அதில் என் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். நெட்டை நடத்துகிறவன் பெயர்தான் எழுத வேண்டும், அதுதான் முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பதிவேட்டைப் பார்த்துச் செய்தி போட்டார்கள். செய்தியைப் பார்த்துச் சங்கத்தில் விழா வைத்தார்கள். கேடயம் அங்கே வந்ததுதான். இன்னாசி அண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில் மேடையேறி எனக்குப் பொன்னாடை போர்த்தினார். முகத்துக்கு நேரே பேசத் தெரியாதவர், அத்தனை பேர் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சாரு கேட்டாரு. எம் பொண்டாட்டி பொழச்சா. அந்தச் செட்டுல ஒரு ஸ்க்ரூவைக்கூட நான் இனி யாரையும் தொட விட மாட்டேன்." கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கடைசி வரிசையில் பிரகதீஸ்வரி மடியில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

வெளியே வண்டி எடுக்கும்போது என்னிடம் வந்தது. "ஷீல்டு ஒங்ககிட்டயே இருக்கட்டும் சார், எனக்கு அது வேண்டாம். ஆனா அடுத்த தடவ நான் ஊருல இல்லாமப் போனா அந்த மனுசன் யாருகிட்ட சொல்லுவாரு? அந்தச் செட்டைச் சரிபண்ணணும். நான் சொன்னா அவரு நம்ப மாட்டாரு. நீங்கதான் சொல்லணும்."

இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். ஒவ்வொரு நாள் காலையிலும் அந்த இரைச்சல் வரும், முள் உச்சிக்குப் போகும், மற்றவர்கள் ஃபைவ் நைன் போடுவார்கள். கடைசியில் பஸ் ஏறினேன்.

மணமேல்குடியில் இன்னாசி அண்ணன் வாசலில் நாற்காலி போட்டார். அடைக்கலமேரி அக்கா பாதியாகியிருந்தது. ஊசி குத்திக் குத்திக் கையெல்லாம் கன்றிப்போயிருந்தது. அந்தக் கையால் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு நிலைப்படியில் உட்கார்ந்தது.

நான் சொன்னேன். செட்டைக் கெடுத்தது நான், கெட்டுப்போனது மறுநாளே எனக்குத் தெரியும், புயலன்று எனக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை, கேட்டு ஓடிவந்தது பிரகதீஸ்வரி, பெயரை எழுதிக்கொண்டது நான். எல்லாவற்றையும் டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டேன்.

இன்னாசி அண்ணன் கோபப்படவில்லை.

"அந்தம்மா கடை கந்தர்வக்கோட்டையில எங்கிட்டு சார் இருக்கு?"

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என்றேன். "நான் போய்ப் பாத்துக்குறேன். மேரியையும் கூட்டிட்டுப் போயி அந்தம்மாவக் கும்பிட்டுட்டு வாரேன்" என்றார். அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன். இவ்வளவு எளிதாக விட்டுவிட்டாரே என்று டீயைக்கூட எடுத்துக் குடித்தேன். அவர் மனசுக்குள் எதையோ கணக்குப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், எஞ்சினைக் கேட்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு.

"சார்."

"சொல்லுங்கண்ணே."

"அப்ப தெனமும் காலையில நான் பேசுனதெல்லாம்?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"இவளுக்கு ரெண்டு கிட்னியும் போச்சுன்னு டாக்டர் சொன்ன மறுநா காலையில, ஒங்க எல்லாருகிட்டயும் சொன்னேன் சார். வேற யாருகிட்டயும் எனக்குச் சொல்லத் தெரியல. சொந்தக்காரங்ககிட்டகூடச் சொல்லல. ஒங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். கால் மணி நேரம் பேசுனேன்." என் பக்கம் திரும்பினார். "நீங்க, 'ரொம்ப சந்தோஷம்ணே, கேக்கவே நல்லா இருக்கு'ன்னு சொன்னீங்க."

நிலைப்படியிலிருந்து அக்கா மெதுவாகச் சொன்னது: "அன்னைக்கு இவுக சாப்புடல சார். 'சாரு ஏன் அப்படிச் சொன்னாரு'ன்னு நாளெல்லாம் என்னயக் கேட்டுக்கிட்டே இருந்தாக. நாந்தான், அவரு நல்ல மனுசன், வாய் தவறி வந்துருக்கும், மனசுல வச்சுக்காதீகன்னு சொன்னேன்."

இன்னாசி அண்ணன் எழுந்து வீட்டுக்குள் போனார். திரும்பி வருவார், திட்டுவார், நாலு அறை அறைந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தேன். வெயில் நாற்காலிக்கு வந்துவிட்டது. அவர் வரவில்லை.

கடைசியில் அடைக்கலமேரி அக்காதான் டம்ளரை எடுத்துக்கொண்டே, "அடுத்த பஸ்ஸு மூணு மணிக்கு சார்" என்றது.